கேட்காமல் விட்ட வீடுகள்

எங்கள் ஏரியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபது பேர் வந்து நிற்பார்கள். நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்து போகிற தூரம். அவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு கரையில் பழைய ஊர். எதிர்க்கரையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு, தொண்ணூற்றாறு வீடுகள். ஏரிக்குள் ஒரு மண் திட்டு, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு கருவேல மரங்கள். மழைக்காலம் முடிந்ததும் அந்த மரங்களில் வக்காவும் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் நிற்கிற வரைக்கும் அவற்றை யாரும் எதுவும் செய்ய முடியாது.

நான் பறவை பார்க்கிறவள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருஷம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். சரியில்லாததைச் சரியில்லை என்று சொல்லி ஓரமாகத் தள்ளி வைப்பதுதான் வேலை. அதையே குடியிருப்பிலும் செய்துகொண்டிருந்ததால் எனக்கு அங்கே பேசுவதற்கு ஆள் குறைவு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

எனக்கு மேல்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கணினி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. அவள் பால்கனியில் பைனாகுலர் வைத்துக்கொண்டு கூடுகளை எண்ணுவாள். வேலையில்லாத வேலை என்று ஒருமுறை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவள் கோபப்படவில்லை. "ஆமாக்கா, வேலையில இருக்கும்போது இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருஷம் மழை பாதியிலேயே நின்றுவிட்டது. தை முடியும்போதே ஏரி வற்ற ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் அவள் என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, குஞ்சுங்க பறக்கிறதுக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். தண்ணி மூணு வாரம்கூடத் தாங்காது போலுக்கு. வத்திச்சுன்னா நாய் நடந்தே போயிரும்."

நாய் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு வறண்ட வருஷம் பார்த்திருக்கிறேன். வக்காக் குஞ்சுகள் பறப்பதற்கு முன்பே கூட்டை விட்டு வெளியே வந்து கிளைகளில் நடக்கும். காற்றடித்தால் விழும். கீழே தண்ணீர் இருந்தால் தத்தளித்துக்கொண்டு மறுபடி மரத்தில் ஏறிவிடும். கீழே காய்ந்த சேறும் ஐந்து நாய்களும் இருந்தால் ஏறாது. அந்த வருஷம் ஒரு நாய் வாயில் குஞ்சைக் கவ்விக்கொண்டு எங்கள் கார் நிறுத்துமிடம் வழியாக நிதானமாக நடந்து போனது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நாய்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

என்ன செய்யலாம் என்று அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். வனத்துறைக் காவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். திட்டைச் சுற்றி ஆழமாக ஒரு பள்ளம் எடுத்தால் ஏரியில் மிச்சம் இருக்கிற தண்ணீர் அதில் வந்து நிற்கும், நாய் தாண்டாது. மரத்திலிருந்து முப்பது அடியாவது தள்ளித் தோண்ட வேண்டும். காலையில் ஒரே பொழுதுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும். ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்து கடிதமும் வாங்கிவிட்டாள். ஒரு கூடை மண்கூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. இனி வேண்டியது ஜேசிபிக்கும் அதைக் கொண்டுவருகிற லாரிக்கும் வாடகை. அதை வசூல் செய்ய அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யார் வாசலிலும் கூச்சமில்லாமல் போய் நிற்கிற ஆள் குடியிருப்பில் ஒருத்திதான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். சரி என்றேன்.

முதலில் பரண் வியாபாரம். எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுப் பரணைத் திறந்தாலும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம், கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஹாட்பேக், வளைகாப்புக்குக் கொடுத்த எவர்சில்வர் டப்பா. எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, கீழே இரண்டு மேசை போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை விற்றோம். கடிகாரம் மட்டும் பதினொன்று வந்தது. ஒரு வீட்டுக்காரர் தன் பரணிலிருந்து கொண்டுவந்த கடிகாரத்தை விற்றுவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டு போனார். இது எதற்கு என்று கேட்டேன். அடுத்த மாதம் ஒரு கல்யாணம் இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்றார். எப்படியோ, கடிகாரம் சுற்றியதில் கொஞ்சம் பணம் வந்தது.

மீதிக்கு நன்கொடை. அதில்தான் மனிதர்களைப் பார்த்தேன். பறவை எச்சம் காரைப் பாழாக்குகிறது என்று ஒருவர் சொன்னார். ரசீது கிடைக்குமா என்றார் இன்னொருவர். இருபது ரூபாய் கொடுத்துவிட்டு இருபது நிமிஷம் அறிவுரை சொன்னவரிடம், நோட்டைத் திருப்பிக் கொடுத்து அறிவுரையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பூந்தமல்லியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற தரைத்தள வீட்டுக்காரர் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்தார். கேட்டவுடன் கொடுத்தார், அதைச் சொல்லாவிட்டால் தப்பு. ஆனால் கரையில் பேனர் வைக்க வேண்டும் என்றார். வைத்தோம். குடியிருப்பின் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே 'எங்கள் ஏரி, எங்கள் பறவைகள்' என்று, அதற்கும் கீழே நன்கொடையாளர் பெயர்கள். அவர் பெயர் முதலில்.

பேனருக்கு எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, ஊருக்குள்ளயும் போய்க் கேப்போமா?"

"வேண்டாம்" என்றேன். "பாவம், அவங்ககிட்ட என்ன இருக்கப்போகுது. அவங்க தலையில இதையும் கட்ட வேண்டாம்."

இதைச் சொன்னபோது நான் நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். இருபத்தேழு வருஷம் மற்றவர்கள் தப்பைப் பார்த்தவளுக்கு இது தப்பு என்று கண்ணில் படவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. லாரியிலிருந்து அது இறங்கி முடிப்பதற்குள் ஊரிலிருந்து பதினைந்து இருபது பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவரை எனக்கு முகம் தெரியும். திருமழிசைத் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி வேன் ஓட்டுகிறார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. ஏரிக்குக் கீழே இன்னும் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். ஊர்க்கோயிலுக்கு வரி வசூலிப்பதும் அவர்தான். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

மண் திருட வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள் என்று கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"லெட்டரு கரெக்டா கீது மேடம். நாங்க லெட்டரு கேக்கல. இது யாரு ஏரின்னு கேக்கறோம்." பேனரைக் கையால் காட்டினார். "எங்க ஏரின்னு போட்டுகிறீங்க. அப்ப நாங்க யாரு?"

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏரியில் குப்பை கொட்டும்போது இத்தனை பேரும் எங்கே போயிருந்தீர்கள், குஞ்சைக் காப்பாற்ற வந்தால் மட்டும் கூட்டமாக வந்து நிற்கிறீர்களே என்று கேட்டேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அந்தக் குப்பைல கீற டயப்பரு எந்த ஊட்டு டயப்பரு மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜேசிபி ஓட்டுநரும் சிரித்தார். ஊரில் யாரும் பிள்ளைக்கு டயப்பர் கட்டுவதில்லை. பேசியது யார் என்று பார்த்தேன். தினமும் காலையில் எனக்குப் பால் ஊற்றுகிற பால்காரம்மா.

பத்து மணிக்கு ஜேசிபி மறுபடி லாரியில் ஏறியது. அதற்கு அடுத்த வேலை திருமழிசையில் காத்திருந்தது, ஒரு வாரத்துக்கு. மேல்வீட்டுப் பெண் லாரி போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் அழுதால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை பால்காரம்மா வழக்கம்போல வந்து பாலை ஊற்றினார். நான் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தப் போனேன். பிறகு திறந்து, என்ன கோபம் உங்களுக்கு, உங்களிடம் நான் என்ன கேட்டேன் என்றேன்.

"அதான் கோபம்" என்றார். "இன்னா கேட்டீங்க? ஒண்ணும் கேக்கல. எட்டு வருசமா உங்க ஊட்டாண்ட வரேன். பறவைக்கு வசூல் பண்றோம்னு ஒரு வார்த்த கேக்கல."

காசு கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் விட்டேன் என்றேன். அவர் பால் கேனைக் கீழே வைத்துவிட்டார். கேனைக் கீழே வைத்தால் பேச்சு நீளும்.

அவர் சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். ஊரில் கோயிலுக்கோ குளத்துக்கோ பொதுக்காரியம் எது செய்தாலும் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. பங்களா வீடும் ஓலை வீடும் ஒரே தொகை. கொடுக்க முடியாதவன் தவணை சொல்வான், சண்டை போடுவான், அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்பான். அதெல்லாம் நடக்கும். ஆனால் ஒரு வீட்டு வாசலில் வந்து கேட்காமல் போனால் அந்த வீட்டை ஊர் தள்ளி வைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குத்தான் பயப்படுவார்கள், வரிக்கு இல்லை.

"குட்த்தா இன்னா, குடுக்காட்டி இன்னா. கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கினார். "செவ்வாக்கெழம சாயங்காலம் கோயிலாண்ட பேசுவாங்க. வர்றதுன்னா வாங்க."

திங்கட்கிழமை காலை மேல்வீட்டுப் பெண் என்னைக் கூப்பிட்டு பைனாகுலரைக் கொடுத்தாள். ஊர்ப்பக்கம் இருந்த ஓரத்து இரண்டு மரங்களின் கீழே தண்ணீர் இல்லை. இரண்டு நாய்கள் நின்றன. நான் அதிக நேரம் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு மரத்திலும் பறவையே உட்காரவில்லை. ஒன்பது கூடுகள் இருந்தன என்று அவள் சொன்னாள்.

செவ்வாய் மாலை கோயிலுக்குப் போனோம். நாற்பது ஐம்பது பேர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரர் கையில் நோட்டு. பேசுங்கள் என்றார். எனக்கு மேடைப்பேச்சு வராது, குழைந்து பேசவும் வராது. நடந்ததைச் சொன்னேன். "உங்ககிட்ட காசு இருக்காதுன்னு நெனச்சேன். அதான் கேக்கல. தப்பு."

முன்வரிசையிலிருந்து ஒருவர், "நாங்க இன்னா பிச்சயா எடுத்துகினு கீறோம்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்து, "போன வருசம் ஆடிக் கூழ் வரி நீ எப்பப்பா குட்த்த?" என்று கேட்டார். சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

வேன்காரர் சிரிக்கவில்லை. ஜேசிபி வாடகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். ஊர்த் தலைக்கட்டு இத்தனை, உங்கள் பக்கம் இத்தனை வீடு என்று நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்றார். ஊருக்கும் அதே, குடியிருப்புக்கும் அதே. யாரும் குறைத்துக் கொடுக்கக்கூடாது, யாரும் கூடுதலாகவும் கொடுக்கக்கூடாது. இதுவரை கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேனரை எடுத்துவிட வேண்டும். பரண் சாமான் விற்ற காசு மட்டும் இருக்கட்டும், வேலை செய்கிறவர்களுக்கு நாஷ்டாவுக்கு ஆகும்.

எல்லா வீட்டிலும் வசூலாவதற்குள் குஞ்சுகள் செத்துப்போகும் என்றேன்.

"வசூலாவணும்னு இல்ல மேடம். எல்லா ஊட்டாண்டயும் கேட்டு முடிக்கணும். ஒரு ஊடு உடக் கூடாது. ஞாயித்துக்கெழம வண்டி எறக்கிக்கலாம்."

பிறகு நோட்டைப் பார்த்து, உங்கள் பக்கம் தொண்ணூற்றைந்து என்று படித்தார். தொண்ணூற்றாறு என்று திருத்தினேன்.

"உங்க ஊட்ட சேக்கல. தனியா கீற பொம்பளைக்கு எங்க ஊர்ல வரி கெடையாது. மரியாதைக்கு உட்டுடுவோம்."

அவர் அதை உண்மையான மரியாதையோடுதான் சொன்னார். குத்திக் காட்ட வேண்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் எனக்கு முகம் சுட்டது. இத்தனை பேருக்கு நடுவில், வசூலுக்கு அலைந்தவள் நான், கணக்கில் இல்லாதவளும் நான். பாவம், விட்டுவிடலாம். பேனர் எழுதும்போது என் வாயிலிருந்து வந்த அதே இரக்கம். அது வாங்கிக்கொள்கிற பக்கத்தில் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கத்த நினைத்தேன்.

அதற்குள் பால்காரம்மா பெண்கள் பக்கத்திலிருந்து பேசினார். "அவங்களயும் எழுது நைனா. அவங்க ஊட்லயும் அடுப்பு எரியுது இல்ல."

வேன்காரர் யோசித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேரைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். தொண்ணூற்றாறு என்று எழுதினார். நான் அங்கேயே ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். அந்த வசூலில் முதல் வரி அதுதான்.

மறுநாள் விடிந்ததும் ஊரிலிருந்து எட்டு ஒன்பது பேர் அரிவாளோடு வந்தார்கள். கரையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டி, நாய்கள் திட்டுக்குப் போகிற ஈரத்தடத்தின் குறுக்கே முள்ளை அடுக்கினார்கள். ஒன்றரை மணி நேரத்து வேலை. பள்ளம் எடுக்கிற வரைக்கும் இது தாங்கும் என்றார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் அங்கேயே கிடந்தது. அரிவாள் ஊரில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் இது நடந்திருக்கும். அந்த ஒன்பது கூடும் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான்கு நாள் தொண்ணூற்றைந்து கதவு. நன்கொடை கேட்கும்போது கொடுக்கிறவர் வாசலைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். பிடிக்காதவரை விட்டுவிடலாம். வரியில் அது முடியாது. மோட்டார் தண்ணீருக்காக இரண்டு வருஷமாக நான் பேசாமல் இருந்த வீடு, என்னை வாய்க்காரி என்று சொன்ன வீடு, இருபது ரூபாயும் அறிவுரையும் கொடுத்தவர் வீடு, எல்லாவற்றிலும் மணியை அழுத்தினேன். மோட்டார் சண்டைக்காரர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, சாத்திவிட்டார். நான் நின்றேன். கேட்டு முடிக்கவில்லையே. மறுபடி திறந்து, "இன்னும் போகலையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். சில்லறை இல்லை. மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரே நாளில் அவ்வளவு தாங்காது.

நான்கு பையன்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீட்டில், எங்களுக்கு யாருக்கும் கல்யாணம் ஆகவில்லையே, நாங்கள் தலைக்கட்டா என்று சிரித்தார்கள். சமைக்கிறீர்களா என்று கேட்டேன். முட்டை வேகவைப்போம் என்றார்கள். அடுப்பு எரிந்தால் வரி என்றேன்.

டைல்ஸ் கடைக்காரர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். உறையில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். நல்ல மனசோடு கொடுத்த ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கஷ்டமான வசூல் வேறு இல்லை. அவர் உறையை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"நான் குடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். "நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். ஊரோடு சேர்ந்து செய்கிறோம், எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொன்னேன். அவர் உறையை வாங்கிச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதிகம் கொடுப்பவர்கள் இல்லாமல் பல நல்ல காரியங்கள் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் ஐந்தாயிரம் கொடுத்துவிட்டால் மற்ற தொண்ணூற்றைந்து வீட்டுக்காரர்களும் அந்தப் பறவைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். ஐம்பது ரூபாய் கொடுத்தவர்கள் அந்த வாரம் பால்கனியில் வந்து நின்றார்கள். என் ஐம்பது ரூபாய் என்ன ஆகிறது என்று பார்க்கிற நிற்பு அது. போதும், நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஜேசிபி இறங்கியது. அதற்கு வழிவிட முள்ளை நகர்த்தியதும் ஊர்க்காரர்கள்தான். முதல் வாளி மண்ணை எடுத்தபோது திட்டிலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே சத்தத்தோடு கிளம்பின. வானத்தில் சுற்றின. சில போய்த் தூரத்துப் பனைமரங்களில் உட்கார்ந்தன. மேல்வீட்டுப் பெண் கரையில் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் உள்பக்கமே கொட்டி மேடாக்கினோம். வண்டி போனபிறகு அரை மணி நேரம் எதுவும் திரும்பவில்லை. யாரும் நாஷ்டா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பிறகு ஒரு நீர்க்காகம் வந்தது. அப்புறம் வக்கா. ஒரு மணிக்குள் பெரும்பாலும் வந்துவிட்டன. இட்லி ஆறிப்போயிருந்தது.

வெளிப்பக்கம் மறுபடி முள்ளை அடுக்கினார்கள். நாலைந்து நாளில் பள்ளத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் சேர்ந்தது. ஏரியின் மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடந்தது.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து ஒரு வக்காக் குஞ்சு விழுந்தது. பாதி மரங்கள் அதற்குள் காலியாகியிருந்தன, குஞ்சுகள் பறந்துபோய்விட்டன. இது கடைசிக் கூடுகளில் ஒன்று. மரத்தடியில் நின்றது, மேலே பார்த்தது, இரண்டு அடி தாவியது, விழுந்தது. முள்ளுக்கு வெளியே ஒரு நாய் அதைப் பார்த்துவிட்டது. முள்ளுக்கு அடியில் புகுந்து பள்ளத்தில் காலை வைத்தது. சேறு வயிறு வரைக்கும் ஏறியதும் பின்வாங்கிக் கரையில் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் வந்து உட்கார்ந்தது.

நாங்கள் போய் எடுத்துவிடக் கூடாது என்று வனத்துறைக் காவலர் சொல்லியிருந்தார். தாய் கீழே இறங்கி வந்தே ஊட்டியது. நான் தினமும் காலையில் கரையில் நிற்பேன். பால்காரம்மா பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது நின்று பார்ப்பார். வேன்காரர் திருமழிசைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கரையோரச் சாலையில் வரும்போது வண்டியை மெதுவாக்கி, "இன்னும் கீழதான் கீதா அது?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். போய்விடுவார்.

நான்காம் நாள் காலை அது தரையில் இல்லை. நாய் அதே இடத்தில் உட்கார்ந்து வெற்று மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேன் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். வண்டிக்குள் இருந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேருமாகத் தேடினோம். கீழ்க்கிளையில், இலைக்குப் பின்னால், பழுப்பு நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது.

"ஏறிடுச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் காலியாக நின்ற இரண்டு மரங்களைப் பார்த்தார்.

"அன்னிக்கே பள்ளம் எடுத்திருந்தா அதுல இருந்ததும் ஏறியிருக்கும், இல்ல மேடம்?"

"ஏறியிருக்கும்" என்றேன்.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் போய் வண்டியை எடுத்தார்.